கேமரா மேல் போட்ட துண்டு

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் அத்தையும் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, வாய்தான் இன்னும் வற்றவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அண்ணன் தவறியதிலிருந்து வீட்டுப் போன் அத்தை கையில்தான். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் மூன்று வார்த்தை அவர் சொல்லிவிடுவார். நான் ஐந்தாவதோடு நின்றவள், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். பதிலை நான் வேலை செய்யும் இடத்துக்கே அனுப்பு.

நீ அனுப்பிய தாள் வந்தது. எழுத்து பொடிப்பொடியாக இருந்ததால் வேலைக்கு எடுத்துப் போய் ரேடியோவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ரேடியோ என்றால் என்னோடு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறவள். உருளை இஸ்திரி மெஷினில் விரிப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறு முனையை அவள் பிடிப்பாள். காலையில் ஆரம்பித்தால் ஷிஃப்ட் முடிகிறவரை நிறுத்த மாட்டாள், அதனால் அந்தப் பெயர். வீட்டில் உன் அண்ணனை நீ நாற்பது நாள் எடுத்த வீடியோவைக் கண்காட்சியில் காட்ட எனக்குச் சம்மதம் என்று அதில் எழுதியிருப்பதாகச் சொன்னாள்.

பாப்பா, நீ எடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உன் அண்ணனே எடுக்கச் சொன்னார். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவன யாரும் பாத்ததே இல்ல, கடைசியிலயாவது பாக்கட்டும்" என்று சிரித்தார். கட்டில் காலடியில் நீ அந்தக் கேமரா முக்காலியை நிறுத்தியபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. நாலு நாளில் பழகிவிட்டது. அதற்கும் சேர்த்துத் தரை துடைத்தேன்.

நான் அவருக்கு ஷேவிங் செய்ததைக் காட்டு. அவர் உனக்குப் பழிப்புக் காட்டியதைக் காட்டு. மூச்சு வாங்கியதைக் காட்டாதே. குளிப்பாட்டும் நேரத்தில் கேமரா மேல் துண்டைப் போட்டுவிடுவேன், ஆகையால் அதில் பயமில்லை. மற்றதில் எதைக் காட்டப்போகிறாய் என்று நாலு வரி எழுது. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

தலைக்கு எண்ணெய் வை. காய்ந்த தலையோடு வெயிலில் திரியாதே.

உன் அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டுடியோவில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். நான் நன்றாகவே இருக்கிறேன். சாப்பிடுகிறேன். எண்ணெய்தான் வைப்பதில்லை. அம்மாவுக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன், வந்ததா?

எதைக் காட்டப்போகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் முகத்தை நான் காட்டவே போவதில்லை. நாற்பது நாள் எடுத்ததையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகம் வருகிற இடமெல்லாம் யாரோ ஒரு நோயாளியின் படமாகத்தான் தெரிந்தது. பார்க்கிறவர்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

நான் காட்டப்போவது அந்தத் துண்டை. நீங்கள் தினமும் கேமரா மேல் போட்ட அதே பச்சைக் கட்டம் போட்ட துண்டு. கேமரா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவர் முழுக்கத் துண்டின் நூல் தெரிகிறது. நீங்கள் ஜன்னலைக் கடக்கும்போது இருட்டாகிறது, நகர்ந்ததும் வெளுக்கிறது. பின்னால் தண்ணீர்ச் சத்தம், வாளிச் சத்தம், உங்கள் குரல், அண்ணன் குரல். முப்பத்தெட்டு நிமிடம், அவ்வளவுதான்.

இங்கே நண்பர்கள் சிலருக்கு மாதிரிக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் துண்டு விலகுமா என்று காத்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து, தாங்கள் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முயல்கிறோம் என்று அவர்களுக்கே உறைக்கிறது. அதற்கப்புறம்தான் உண்மையில் கேட்க ஆரம்பிக்கிறார்கள். நான் இதுவரை செய்த எதிலும் இது நடந்ததில்லை.

அண்ணனின் உடம்பை யாரும் பார்க்க மாட்டார்கள், அண்ணி. உங்களையும் பார்க்க மாட்டார்கள்.

ரேடியோ அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாப்பா


மார்ச் 24

பாப்பாவுக்கு,

தைலம் வந்தது. அத்தை நலம்.

துண்டு போட்ட பிறகும் அது ஓடியது என்று நீ என்னிடம் சொல்லவில்லை. கண்ணை மூடினால் காதும் மூடிக்கொள்ளும் என்று நான்தான் நினைத்துவிட்டேன், அறிவு கெட்டவள். கட்டில் சட்டத்தில் கருப்புப் பொத்தான் போல ஒன்றைப் பொருத்தியிருந்தாயே, அதுதான் மைக் என்று ரேடியோ சொல்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வாடகைக்கு வந்த கட்டிலோடு வந்தது என்று நினைத்து அதை நான் தினமும் ஈரத்துணியால் துடைத்தேன்.

குளிப்பாட்டும் நேரத்தில் நீ மருந்துக் கடைக்குப் போய்விடுவாய். தங்கச்சி எதிரில் துணி களையக் கூடாது என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். அத்தை மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த அரை மணி நேரத்தில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அதிகம் பேசாதவள் என்று உனக்குத் தெரியும். பேசியதெல்லாம் அந்த அரை மணியில்தான்.

எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வெட்கம் வரவைக்க என் வீட்டுக் குளியல்தானா உனக்குக் கிடைத்தது?

எனக்குச் சம்மதம் இல்லை. அழித்துவிடு. யார் யார் கேட்டார்கள் என்று எழுது.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. இங்கே எனக்கு ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

சொல்லாமல் எடுத்தது தப்பு. நீங்கள் துண்டைப் போட்ட முதல் நாள் ராத்திரியே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீங்கள் பேசாமல் இருந்துவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

கேட்டவர்கள் நானும், சத்தத்தைச் சீர் செய்கிற ஒருவரும், நாலைந்து நண்பர்களும். என்னைத் தவிர யாருக்கும் நம் பாஷை தெரியாது. இந்த ஊரில் பார்க்க வருகிறவர்களுக்கும் தெரியாது. அடியில் அர்த்தம் எழுதிப் போட மாட்டேன். அவர்களுக்கு அது ஒரு பெண் தன் புருஷனோடு பேசுகிற சத்தம், அவ்வளவுதான். வார்த்தை கிடையாது.

அழிக்க என்னால் முடியவில்லை, அண்ணி. உங்கள் கையெழுத்து இல்லாமல் காட்ட மாட்டேன், அதை நம்புங்கள். கண்காட்சிக்கு நவம்பர் வரை நேரம் இருக்கிறது. யோசித்துச் சொல்லுங்கள்.

பாப்பா


ஜூன் 11

பாப்பாவுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. ஜலதோஷம் போய்விட்டதா? இங்கே வெயிலில் அத்தைக்கு இரண்டு நாள் தலைசுற்றல், இப்போது எழுந்து நடமாடுகிறார்.

நவம்பர் வரை நேரம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதற்குள் நீயே காரியத்தைக் கெடுத்துவிட்டாய். போன வாரம் அத்தையிடம் போனில், கண்காட்சி வைக்கப்போகிறேன், அண்ணன் குரல் கேட்கலாம் என்று சொல்லிவிட்டாயாம். நான் வேலை முடிந்து வரும்போது அத்தை பரணிலிருந்து பெட்டியை இறக்கிவைத்திருந்தார். ரயிலில் பகல் முழுக்க உட்கார முழங்கால் தாங்குமா என்று கேட்டேன். "எம் புள்ள குரலக் கேக்கப் போறதுக்கு முழங்கால் எதுக்கு?" என்கிறார். தினமும் ஒரு தடவை, எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்கிறார்.

உன் ஊரில் யாருக்கும் நம் பாஷை தெரியாது என்றாய். உன் அம்மாவுக்குத் தெரியுமே.

இங்கே எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டை மூட்டையாக விரிப்பு வரும். அதில் என்னென்னவோ கறை இருக்கும். சிலதில் மோதிரம் வரும், பல்செட்டு வரும், ஒரு தடவை மடித்த கடிதம் வந்தது. எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று மூட்டையில் சீட்டு இருக்கும். நாங்கள் அந்தச் சீட்டைப் படிப்பதில்லை. கறையைப் பார்த்து எந்தத் தொட்டியில் போடுவது என்று பிரிப்போம், கிடைத்ததை டப்பாவில் போடுவோம். யாருடையது என்று கேட்கிறவளை மற்றவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. ரேடியோகூட அந்த விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டாள்.

உன் கண்காட்சியைப் பற்றி அவளிடம் சொன்னேன். உருளையில் விரிப்பை விட்டுக்கொண்டே, "துண்டப் பாக்கவா ஆள் வர்றாங்க? நம்ம எடத்துக்கு வரச் சொல்லு, மணிக்கு முந்நூறு துண்டு காட்டலாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் முடிகிறவரை பேசவே இல்லை. அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. ஆக்ஸிஜன் சிலிண்டர் மாற்ற ஆள் வந்துவிட்டுப் போன நாள், ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குக் குளிப்பாட்டியது உன் முப்பத்தெட்டு நிமிடத்தில் இருக்கிறதா?

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். என்ன எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

ஜலதோஷம் போய்விட்டது. அம்மாவிடம் சொன்னது என் தப்பு. அம்மா அழுதுகொண்டே பேசியபோது வாயில் வந்துவிட்டது.

அந்த வியாழக்கிழமை இருக்கிறது. நடுவில், இருபத்தோராவது நிமிடத்தில்.

முதல் தடவை அதை என் சமையலறையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டேன். நிறுத்திவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். உங்களிடம் கேட்கத் தெரியவில்லை. நீங்களாக எழுதுகிறவரை நான் பேசக் கூடாது என்று இருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா


ஜூன் 28

பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம்.

நீ கேட்டுவிட்டாய், இனி ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொன்னதாக இருக்கும்.

அன்றைக்குக் காலையில் சிலிண்டர் வர இரண்டு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அதுவரை அவர் பட்ட பாட்டை நீயும் பார்த்தாய். மாட்டிய பிறகு நீ மருந்துக் கடைக்குப் போனாய். நான் துண்டைப் போட்டேன், வெந்நீர் எடுத்துவந்து புரட்டிப் படுக்கவைத்தேன். இடுப்பில் புண் புதிதாக ஒன்று திறந்திருந்தது. முந்தின நாள் இல்லை. அதைப் பார்த்ததும், "போதுங்க. போயிடுங்க. என்னால முடியல" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவர் அதற்கப்புறம் பத்தொன்பது நாள் இருந்தார்.

அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். நான் வாளிக்குள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன், காதில் விழவில்லை. என்ன என்று திரும்பிக் கேட்கவும் இல்லை. கேட்கப் பயமாக இருந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தார்.

நேற்று கூடத்தில் விரிப்பை மடிக்கும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னது உன் மெஷினுக்குள் இருக்குமே. நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்களே. அவர் பெண்டாட்டி நான் ஒருத்திதான் கேட்கவில்லை.

என்ன சொன்னார்? திட்டியிருந்தாலும் எழுது.

அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு வாய் இல்லை.

அண்ணன் உங்களைத் திட்டவில்லை. உங்களிடம் பேசவும் இல்லை. என்னிடம் பேசினான்.

கட்டில் சட்டத்தில் மைக்கைப் பொருத்தியபோது அண்ணன்தான் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கிப் படுத்தபடியே முடுக்கினான். நீங்கள் துண்டு போட்டாலும் அது கேட்கும் என்று முதல் நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். உங்களிடம் சொல்லாதே என்று அவனும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை நீங்கள் சொன்னதும், பிழிகிற சத்தம் வருகிறது. அதற்கு நடுவில் மெதுவாக, மைக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொல்கிறான்:

"பாப்பா, இந்த எடத்த வெட்டிடு. அவ களைச்சுப் போயிருக்கா."

அவ்வளவுதான்.

அவன் வெட்டச் சொன்ன இடத்தை நான் வெட்டவில்லை. சொன்னது தெரிந்தே வைத்திருந்தேன். அதுதான் என் படத்தின் உயிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் அந்தத் தாளை அனுப்பும்போதும் தெரியும். யாருக்கும் பாஷை தெரியாது என்று எழுதும்போதும் தெரியும். உயிரோடு இருந்திருந்தால் அண்ணன் என்னை அறைந்திருப்பான்.

நீங்கள் என்ன சொன்னாலும் செய்கிறேன்.

பாப்பா


ஆகஸ்ட் 30

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அத்தைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

முதலில் எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, அவர்மேல்தான் வந்தது. நாங்கள் இரண்டு பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவருக்கு மூன்று பேர். நான் பேசப் பேச, நீ கேட்பாய் என்று தெரிந்தே கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். ஒரு வாரம் அவர் போட்டோவைப் பார்க்கவில்லை. பிறகு, அவர் சொல்லியிருந்தால் நான் அந்த அரை மணியும் வாயை மூடிக்கொண்டு துடைத்திருப்பேன், அதனால் சொல்லவில்லையோ என்று தோன்றியது. நல்ல எண்ணமோ கெட்ட எண்ணமோ, இனி யாரிடம் கேட்பது. உன்மேல் கோபம் அதற்குப் பிறகு வந்தது. இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

சுவரில் ஓடும் படத்திலிருந்து அவர் கேட்கக் கூடாது, என் வாயிலிருந்து கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். லீவு நாள் காலையில் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, எந்த நாள், என்ன சொன்னேன் என்று சொன்னேன். அத்தை கத்தியைக் கீழே வைக்கவில்லை. இருந்த காயெல்லாம் நறுக்கி முடித்தார். முடித்துவிட்டு, "எம் புள்ளய நீ வெரட்டிட்டியா?" என்றார்.

அதற்கப்புறம் பதினாறு நாள் பேச்சு இல்லை. நான் சமைத்ததைத் தொடவில்லை, தனக்கு மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டம்மாவிடம் என்னை "இந்த வீட்ல இருக்கிறவ" என்று சொன்னார். நான் எங்கே போவது? வேலைக்குப் போனேன், வந்தேன். உன்னிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரியும். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

பதினேழாம் நாள் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. பத்தடி பின்னால் நான் போனேன். சீட்டு எழுதுகிற பெண், "கூட வந்தவங்க யாரு?" என்றாள். அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "மருமக" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் பார்க்காமலே கேட்டார்.

"எத்தன தடவ சொன்ன?"

"ரெண்டு தடவ, அத்த."

"அவன் என்ன சொன்னான்?"

"நான் களைச்சுப் போயிருக்கேன்னு பாப்பாகிட்ட சொன்னாராம்."

இரண்டு நிறுத்தம் போனது. "எப்பப் பாத்தாலும் உன் பக்கமேதான் பேசுவான்" என்றார். வீட்டுக்கு வந்து நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டார். உப்பு குறைவு என்றார்.

இப்போது உன் விஷயம். தாளில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். துண்டைக் காட்டு. தண்ணீர்ச் சத்தத்தையும் என் பேச்சையும் காட்டு. அவர் கால் விரலை எண்ணச் சொல்லி நான் விளையாடியது, ரேடியோவைப் பற்றிக் கதை சொன்னது, எல்லாம் இருக்கட்டும். அவர் தெரிந்தே கொடுத்ததை நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் வெட்டச் சொன்ன இடத்தை வெட்டு. நான் சொன்னதையும் வெட்டு, அவர் சொன்னதையும் வெட்டு. வெட்டிய இரண்டு முனையையும் தைக்காதே. அங்கே ஒன்று இல்லை என்று தெரியட்டும்.

அத்தை வருகிறார். தடுக்க என்னால் முடியாது. நானும் வருகிறேன்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கோபம் வேறு, அது வேறு.

அண்ணி


செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்து கிடைத்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். "மாத்திரை மாத்தியாச்சு, மருமக பாத்துக்கிறா" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் சொன்னபடியே வெட்டிவிட்டேன். அந்த இடத்தில் முப்பது விநாடி சுவர் இருட்டாக இருக்கும், சத்தம் இருக்காது. கண்காட்சிக் கூடத்தை நடத்துகிறவர், மெஷின் கெட்டுவிட்டது என்று ஆட்கள் நினைப்பார்கள், எடுத்துவிடு என்கிறார். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ரயில் டிக்கெட் இதோடு இருக்கிறது. பகல் வண்டிதான், அம்மாவுக்குக் கீழ் பெர்த், கால் நீட்டிக்கொள்ளலாம். உங்களைப் பார்க்க வேண்டும். பயமாகவும் இருக்கிறது.

பாப்பா


நவம்பர் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். அத்தைக்கு வழியெல்லாம் நல்ல தூக்கம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நீ கொடுத்துவிட்ட தைலத்தை அத்தையே தேய்த்துவிட்டார். தேய்த்தாரா இடித்தாரா என்று கேட்காதே. உன் அறையில் திரைச்சீலை இல்லாமல் இருக்கிறாயே, எதிர் வீட்டுக்காரர்களுக்கு எல்லாம் தெரிகிறது. அளவு எடுத்து அனுப்பு, தைத்து அனுப்புகிறேன்.

நாங்கள் இருந்த மூன்று நாளும் நீ எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்ன நினைத்தோம் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த இருட்டு அறைக்கு நான் மூன்று நாளும் போனேன். நீ வாசலில் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தாய். முதல் நாள் சுவரைப் பார்த்தேன். என் துண்டு அத்தனை பெரிதாக, ஓரத்தில் நான் போட்ட தையலோடு. சாயம் போன இடமெல்லாம் தெரிந்தது, அவ்வளவு பேர் எதிரில் வைக்கிற துண்டா அது, தெரிந்திருந்தால் நல்லதாகப் போட்டிருப்பேன். அப்புறம் என் குரல். நான் இவ்வளவு பேசுவேனா என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் நாள் சுவரைப் பார்க்கவில்லை. ஓரத்தில் நின்று உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். எங்கள் கூடத்து வழக்கத்துக்கு அது விரோதம்தான், ஆனாலும் பார்த்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், துண்டுக்கு மேலே எட்டிப் பார்க்கலாம் என்பதுபோல் நாற்காலியில் எழும்பி எழும்பி உட்கார்ந்தார். துண்டுக்கு அந்தப் பக்கம் சுவர்தான் என்று அவருக்குத் தெரியாதா? ஒரு சின்னப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஒருவன் வந்த வேகத்தில் போனைப் பார்த்தான், போய்விட்டான். என் வயதில் ஒரு பெண், நான் "கைய நீட்டுங்க" என்று சொல்கிற இடத்தில் தன் கையை மடியிலிருந்து கொஞ்சம் முன்னால் வைத்தாள். அவளுக்கு நம் பாஷை தெரியாது என்றுதானே சொன்னாய். அவளை மட்டும் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. யாருக்கும் என்னைத் தெரியவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள்தான் அத்தை வந்தார். முதல் இரண்டு நாளும் கால் வலி என்று உன் அறையிலேயே இருந்துவிட்டார் அல்லவா. பயந்துதான் இருந்தார், எனக்குத் தெரியும். முன் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பக்கத்தில் நான். உன் அண்ணன் குரல் வந்ததும் அத்தை, "தொண்ட கட்டியிருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் ரேடியோவைப் பற்றிச் சொல்ல அவர் சிரிக்கிற இடத்தில் அத்தைக்கும் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்புறம் சுவர் இருண்டது. ஒரு சத்தமும் இல்லை. கூடத்துக்காரர் சொன்னதுபோலத்தான் நடந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்றோ முடிந்துவிட்டது என்றோ நினைத்து, உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரும் எழுந்தார்கள், நாற்காலியை நகர்த்தினார்கள், ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். அத்தை சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"இங்கதானா?"

"இங்கதான், அத்த."

"ம்" என்றார். முப்பது விநாடி என்று எழுதியிருந்தாய், எனக்கு நீளமாகத்தான் இருந்தது. பிறகு துண்டு வந்தது, தண்ணீர்ச் சத்தம் வந்தது, மறுநாள் குளியல். "மணி என்ன?" என்று சுவரிலிருந்து உன் அண்ணன் கேட்டார். கடைசிவரை உட்கார்ந்து கேட்டோம். அத்தை அழவில்லை. வெளியே வந்ததும் உன்னிடம் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்டார், அது உனக்குத் தெரியும்.

ஸ்டேஷனில் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். வெட்டி எடுத்த அந்தத் துணுக்கு தனியாக இருக்கிறது, அழித்துவிடட்டுமா, இல்லை உங்களுக்கு அனுப்பட்டுமா என்று. வண்டி நகர்ந்துவிட்டதால் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருப்பாய். வண்டி நகரவில்லை என்றாலும் சொல்லியிருக்க மாட்டேன், எனக்கு அப்போது தெரியவில்லை. இங்கே வந்து ஐந்து நாள் விரிப்பு மடித்த பிறகு தெரிந்தது.

அழிக்காதே. எனக்கும் அனுப்பாதே. நான் சொன்னது எனக்கு மனப்பாடம், அதைக் கேட்க எனக்கு மெஷின் வேண்டாம். அவர் சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன், உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னிடம்தான் சொன்னார். அது உனக்கு வந்தது, நீயே வைத்துக்கொள். எப்போதாவது எடுத்துக் கேள்.

அத்தை உன் கல்யாணப் பேச்சை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன், இனி நீயாயிற்று அவராயிற்று. திரைச்சீலைக்கு அளவு மறக்காதே, அகலத்தோடு உயரமும் வேண்டும்.

உன் அண்ணி